வாங்கிட்டா லாபம்

கணக்குப்பிள்ளை குதிரையை விட்டு இறங்கிய கையோடு கைப்பேசியை எடுப்பார். அம்மாவிடம் பேசவும் அல்ல, செல்ஃபி எடுக்கவும் அல்ல. கால்குலேட்டர். தலையில் ஹெல்மெட் மாட்டியபடி இருக்கிறது, பூட்ஸ் முழுக்க மணல், பக்கத்தில் குதிரை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இவர் ஆயிரத்தை எட்டால் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

வயது பதினாறு, பிளஸ் ஒன், சனி ஞாயிறு காலை ஆறு மணி பேட்ச். சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் எந்தச் சவாரிப் பள்ளிக்குப் போனாலும் இப்படி ஒருவர் உண்டு. பையனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பெண்பிள்ளைகளிலும் கணக்குப்பிள்ளைகள் ஏராளம். வயதைப் பார்க்காமல் ‘இவர்’ என்றே சொல்லிவைப்போம். நாளைக்கே குதிரை முதலாளி ஆகிவிடப்போகிறவர்.

கணக்கு இதுதான். ஒரு வகுப்புக்கு 1,000 ரூபாய், மாதம் எட்டு வகுப்பு, ஆக 8,000. வருஷத்துக்கு 96,000. ஐந்து வருஷத்துக்கு 4,80,000. குதிரையோ ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கிறது. “மூணு லட்சத்து முப்பதாயிரம் மிச்சம், அங்கிள். வாங்கிட்டா லாபம்!” அந்த அங்கிள் தன் மகளைக் கூட்டிப்போக வந்தவர். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இது முதல் படிதான். வகுப்பு முக்கால் மணி நேரம். சொந்தக் குதிரை என்றால் தினம் இரண்டு மணி நேரம் ஏறலாம். வருஷத்துக்கு 730 மணி நேரம். ஒன்றரை லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு 205 ரூபாய். ஐந்து வருஷம் ஏறினால் மணிக்கு 41 ரூபாய், அந்தக் காசுக்கு ஆட்டோ மீட்டர்கூடப் போடாது. இங்கே ஓர் உண்மையை இவர் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டுவிட்டார்: நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் உயிரோடு இருக்கும். அன்றைக்குக் கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து வயதுக் குதிரையை வாங்கி முப்பது வயதுவரை ஓட்டினால் 18,250 மணி நேரம். மணிக்கு 8 ரூபாய் 22 காசு. டீயைவிட மலிவு. குதிரை எவ்வளவு நாள் வாழ்கிறதோ அவ்வளவுக்கு லாபம் ஏறுகிறது என்ற கண்டுபிடிப்பு, ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் யாருக்காவது வாய்த்திருந்தால் அவர் இந்நேரம் கோடீஸ்வரர்.

இந்தக் கணக்கில் குதிரை ஒன்றும் சாப்பிடாது என்பதை முதலில் கவனித்தவர் லாயத்து அண்ணன். இருபத்தைந்து வருஷமாகக் குதிரை தேய்க்கிறவர், பேச்சு குறைவு.

“தீனி, தம்பி?”

“புல்லுதானே அண்ணே.”

அண்ணன் மேலே எதுவும் சொல்லவில்லை. புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடலாம். 500 கிலோ குதிரை ஒரு நாளைக்குச் சுமார் பத்துக் கிலோ உலர்ந்த புல் தின்னும். மாதம் 300 கிலோ, வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். இதற்கு மேல்தான் கொள்ளும் தவிடும் ஓட்ஸும். வெயில் காலத்தில் நாளைக்கு ஐம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருக்கும் எந்தச் சென்னைக் குடும்பத்துக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றி, செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். பல்லும் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும். ஓரம் கூராகிக் கன்னத்தைக் குத்தும், அதை ராவிவிட ஆள் வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, சேணம், கடிவாளம், லாயத்து வாடகை, அண்ணன் மாதிரி ஒருவருக்குச் சம்பளம். உலகத்தில் எந்த ஊரிலும் குதிரை வைத்திருப்பவர்கள் ஒரே குரலில் சொல்வது: இருக்கிற செலவிலேயே சின்னச் செலவு குதிரையின் விலைதான்.

கணக்குப்பிள்ளை இதையெல்லாம் காதில் வாங்காதவர் அல்ல. அடுத்த வாரமே ‘திருத்திய கணக்கு’ தயார். புல் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் வரவு ஒன்று முளைத்திருந்தது. ஒரு குதிரை நாளைக்குச் சுமார் இருபது கிலோ லத்தி போடும், வருஷத்துக்கு ஏழு டன். சென்னை முழுக்க மாடித் தோட்டம். கிலோ பத்து ரூபாய் என்று வைத்தாலும் எழுபதாயிரம். “தீனிச் செலவு அதுலயே கழிஞ்சிடும்ப்பா.” அப்பா வங்கிக்காரர். வாராக் கடன் கேட்டு வருகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்த்தவர். இப்படி ஒரு திட்ட அறிக்கையை அவர் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எங்கடா கட்டுவ?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கும் பதில் இருந்தது. குதிரைக்கு ஓர் அறை 12 அடிக்கு 12 அடி இருக்க வேண்டும், 144 சதுர அடி. அடுக்குமாடியில் இவர்கள் கார் நிறுத்தும் இடம் 16க்கு 8, அதாவது 128. பதினாறு சதுர அடிதான் குறை. பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். காரை எங்கே விடுவது? குதிரை வந்த பிறகு கார் எதற்கு? இந்த யோசனை குடியிருப்போர் சங்கச் செயலாளர் காதுவரை போகவில்லை என்பது அந்தக் கட்டடத்தின் அதிர்ஷ்டம். அங்கே நாய்க்குட்டி வளர்ப்பதற்கே மூன்று பொதுக்குழு கூட்ட வேண்டியிருந்தது.

அம்மா கணக்கு நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நீ ஹாஸ்டலுக்குப் போனா அதை யாருடா பாத்துப்பா?” என்று சமையலறையிலிருந்தே கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை திருத்திய கணக்கு வரவில்லை.

இவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. எந்தக் குதிரைப் படத்தைப் பார்த்தாலும் இனம் சொல்வார். மார்வாரிதான் வாங்குவாராம், காதிரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொடுகிற அழகுக்காக. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் கூடும் குதிரைச் சந்தைக்கு மாமாவை நச்சரித்துப் போய் வந்தார். அங்கே மார்வாரியும் கத்தியவாரியும் பால் வெள்ளை நொக்ராவும் வரிசையாக நின்றன. மேளத்துக்கு ஒரு குதிரை கால் மாற்றி ஆடியது. வாங்க வந்தவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் சுழி தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் விலை தேடினார். லட்சங்களில் சொன்னார்கள். மாமா ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கரும்புச் சாறு குடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கால்குலேட்டர் சார்ஜ் போய்விட்டதால் ஊர்வரை அமைதி.

குதிரை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது என்பதை இவருக்கு யாரும் சொல்லவில்லை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவழித்ததும், நரிகள் பரிகளாகி வந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியதும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடக்கிற லீலை. அது புராணம் என்று ஒதுக்கினால் மார்கோ போலோ இருக்கிறார். 1290களில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய அந்த வெனிஸ் வணிகர் எழுதிவைத்த சேதி: இந்த நாட்டு மன்னர் கடல் வழியாக வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், வருஷம் முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்கும் வணிகர்களே வைத்தியம் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறார்களாம். வருஷா வருஷம் மறுபடி வாங்க வருகிற வாடிக்கையாளரை யார்தான் கெடுத்துக்கொள்வார்கள்? போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசாங்கக் கஜானாவே திணறிய இடத்தில் பிளஸ் ஒன் மாணவரின் உண்டியல் நிற்கப் பார்க்கிறது.

சவாரிப் பள்ளி மாஸ்டர் ராணுவத்தில் இருந்தவர், வேறு மாதிரி வாதாடுவார். “1982 டெல்லி ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின ரகுபீர் சிங் 61வது குதிரைப்படைக்காரர். அவர் ஏறின ஷாஜாதா அவர் வீட்டுக் குதிரையா? டோக்கியோ ஒலிம்பிக்ல இறுதிச் சுற்றுவரை போன ஃபவாத் மிர்சா ஏறினது ஸ்பான்சர் குதிரை. ஒலிம்பிக்ல ஏறினவங்களே அடுத்தவங்க குதிரையிலதான் ஏறியிருக்காங்க. உனக்கு என்ன அவசரம்?” வியன்னாவில் இருக்கும் பழம்பெரும் ஸ்பானியச் சவாரிப் பள்ளியில் சேருகிற பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் கடிவாளமே கையில் தருவதில்லை, அங்கவடியில் கால் வைக்கவும் விடுவதில்லை என்பது மாஸ்டரின் இன்னொரு ஆயுதம். குதிரையின் முதுகில் வெறுமனே உட்காரப் படிக்கவே அத்தனை காலம். கணக்குப்பிள்ளையோ ட்ராட் வந்தால் இன்னமும் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறார். “கையைத் தளர்த்து தம்பி. வாய் உன்னோடது இல்ல, அதோடது” என்று மைதானத்தின் நடுவிலிருந்து மாஸ்டர் கத்துவது வாரா வாரம் கேட்கும்.

வகுப்புக்கு வருகிறவருக்கு வாரம் ஒரு குதிரை மாறும். ஒன்று சோம்பேறி, ஒன்று பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் பாய்கிறது, ஒன்று இடது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. இதைக் குறையாகச் சொல்லித்தான் கணக்குப்பிள்ளை சொந்தக் குதிரை கேட்கிறார். சவாரி தெரிந்தவர்களோ அந்தக் குறைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே குதிரையில் பத்து வருஷம் ஏறினவருக்கு அந்தக் குதிரை தெரியும், சவாரி தெரியுமா என்பது வேறு விஷயம்.

அதே பள்ளியில் சொந்தக் குதிரைக்காரி ஒருவரும் இருக்கிறார். கல்லூரி முதல் வருஷம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. கணக்குப்பிள்ளையின் கண்ணில் அவர்தான் லட்சிய மனுஷி.

“அக்கா, சொந்தக் குதிரைன்னா தினமும் ஏறலாம் இல்ல?”

“தினமும் வரலாம்” என்றார் அக்கா. “ஏறுறது அவன் கால்ல இருக்கு.”

அவன் முன்னங்கால் அப்போது அவர் தொடைமேல் இருந்தது. குளம்புக்குள் சீழ் பிடித்து ஒரு மாதமாகக் கிந்துகிறது. தினம் கல்லூரி முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் எப்சம் உப்பைக் கரைத்து அந்தக் காலை இருபது நிமிஷம் ஊறவைக்கிறார். வாளியை அது இரண்டு முறை உதைத்துக் கவிழ்க்கும், மறுபடி வெந்நீர். பிறகு மருந்துக் களிம்பு, அதன்மேல் கைக்குழந்தைகளுக்குக் கட்டும் டயபர் ஒன்று, அதை இறுக்கிச் சாம்பல் நிற அகல டேப்பால் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டு. உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் இப்படித்தான் கட்டுகிறார்கள்; குளம்பின் அளவுக்கு டயபரைப் போல் கச்சிதமாக உட்காருவது வேறில்லை. கணக்குப்பிள்ளை கூர்ந்து பார்த்துவிட்டு, “டயபர் பாக்கெட் எவ்வளவுக்கா?” என்றார். ‘இதர செலவு’ என்று ஒரு வரி கைப்பேசியில் ஏறியது.

அக்கா சொல்லாத சேதி ஒன்று உண்டு. சென்ற வருஷம் ராத்திரி பதினொரு மணிக்கு லாயத்திலிருந்து ஃபோன்: குதிரை படுத்துப் புரள்கிறது, வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அமைப்பு அப்படி. உள்ளே போனது கீழ் வழியாகத்தான் போயாக வேண்டும், வழியில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் வருகிறவரை அது புரண்டுவிடாமல் விடியவிடியக் கையில் பிடித்து நடத்தினார். மறுநாள் செமஸ்டர் தேர்வு. இந்தச் சித்திரையில் வேறு பயம்: கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும், உடம்பு கொதித்துப் படுத்துவிடும். மின்விசிறி, ஈரத் துணி, குளிப்பாட்டு. இதற்கெல்லாம் நடுவே சவாரிக் கை மறந்துபோகக் கூடாதே என்று சனிக்கிழமை காலை பள்ளிக் குதிரையில் காசு கொடுத்து வகுப்புக்கு வருகிறார். சொந்தக் குதிரை தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி அதை வேடிக்கை பார்க்கிறது.

அவர் ஒருவராவது நிற்கிறார். எல்லோரும் அப்படி நிற்பதில்லை. இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பதினாறு வயதில் அடம்பிடித்து வாங்கியவர்கள் பதினெட்டில் வெளிநாட்டுப் படிப்புக்குப் போய்விடுகிறார்கள். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, பெரும்பாலும் சில வருஷங்களிலேயே ஓய்ந்துவிடும். மிச்சம் இருபது வருஷ ஆயுள். முதல் கை அலுத்து, இரண்டாவது கை அலுத்து, மூன்றாவது கை கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவருடையதாக இருக்கும். ஊட்டியில் ஆளில்லாமல் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் குப்பையைக் கிளறி பிளாஸ்டிக் பையோடு சேர்த்து மெல்லுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. அவற்றில் சில யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பரிசாகக்கூட இருந்திருக்கும். வாங்கிக் கொடுக்கிற பெற்றோரிடம் இருபது வருஷத் தீனிக்கு ஈடு எழுதி வாங்க ஒரு சட்டம் வந்தால் தேவலை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாக இருக்கும்போது இதற்கு இல்லாதது அநியாயம்.

கணக்குப்பிள்ளை அந்த ரகமில்லை என்று நம்ப இடமிருக்கிறது. ஆறு மணி வகுப்புக்கு ஐந்தேகாலுக்கே வந்துவிடுகிறார். பள்ளியில் கிழட்டுச் செவலை ஒன்று உண்டு, இருபத்திரண்டு வயது, கண்ணுக்கு மேல் குழி விழுந்தது, யாரும் விரும்பி ஏறாதது. இவர் அதற்குத்தான் முதலில் போகிறார். பையிலிருந்து கேரட் எடுப்பார், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்று வீட்டிலேயே நீளவாக்கில் நறுக்கிக் கொண்டுவந்திருப்பார். குளம்பைத் தூக்கிக் கொக்கியால் மண்ணெடுப்பார். அது தன் முழு எடையையும் இவர் தோளில் சாய்த்துவிட்டுத் தூங்கும். இவர் நகராமல் நிற்பார், வகுப்புக்கு மணியடித்தாலும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை என்பது எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. லாயத்து அண்ணனுக்கு இவர்மேல் ஒரு பிரியம் இருப்பதற்கு அதுதான் காரணம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து பங்கு போட்டு வாங்கும் திட்டமும் நடுவில் வந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதில் முறிந்தது.

கடைசியாக வந்திருப்பது ‘புதிய திட்டம்’. ஆண் குதிரையே வேண்டாம், பெட்டைக் குதிரை. சினைக்காலம் பதினொரு மாதம். ஒரு குட்டி. மார்வாரிக் குட்டி என்றால் அந்தியூரில் என்ன விலை போகும் என்பது பார்த்தாயிற்று. முதல் குட்டியிலேயே போட்ட பணம் திரும்பிவிடும், இரண்டாவதிலிருந்து சுத்த லாபம். போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தார். அப்பா இந்த முறை நிதானமாகப் படித்தார்.

“சினையா இருக்கும்போது ஏறலாமா?”

“முதல் ஆறேழு மாசம் மெதுவா ஏறலாம்ப்பா. அப்புறம் கூடாது. குட்டி போட்ட அப்புறம் அது பால் மறக்க இன்னும் ஆறு மாசம்.”

“அப்போ பத்துப் பதினோரு மாசம் நீ சவாரிக்கு என்ன பண்ணுவ?”

கணக்குப்பிள்ளை யோசிக்கவே இல்லை. “அதுக்கென்னப்பா, கிளாஸுக்குப் போய்க்கலாம். மாசம் எட்டாயிரம்தானே.”